தருமமா, பாத்தியதையா? வறுமையிலிருந்து விடுபடும் உரிமையின் இந்திய வரலாறு

வறுமையை ஒழிப்பது அரசின் கடமை என்பதற்கும், வறுமையிலிருந்து விடுபட்டு வாழ்வது மனிதரின் உரிமை என்பதற்கும் உள்ள வேறுபாடு முதற்பார்வையில் வெறும் சொல்மாற்றம் போலத் தோன்றினாலும், ஏழையின் நிலையை அடியோடு மாற்றக்கூடியது. கடமையை மட்டும் ஏற்றுக்கொள்ளும் அரசு, எப்போது, எவருக்கு, எவ்வளவு என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம். பெறுபவர் நன்றி சொல்லலாமே தவிரக் கணக்குக் கேட்க முடியாது. உரிமை என்று வந்துவிட்டால், கேட்பதற்குத் தகுதியுள்ள ஒருவர், கொடுக்கக் கடப்பாடுள்ள ஒருவர், கொடுக்கப்படாதபோது முறையிட ஓர் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வந்தாக வேண்டும். சொத்துப் பத்திரங்களில் இன்றும் புழங்கும் 'பாத்தியதை' என்ற சொல் இம்மூன்றையும் ஒருசேர உணர்த்தும்: ஒருவருக்கு ஒன்றில் பாத்தியதை உண்டு என்றால், அது கொடுப்பவரின் மனம் இரங்குவதைப் பொறுத்தது அன்று. உணவிலும் வேலையிலும் உறைவிடத்திலும் ஏழைக்கு இத்தகைய பாத்தியதை உண்டா என்பதே, வறுமையிலிருந்து விடுதலை ஓர் அடிப்படை மனித உரிமையா என்ற விவாதத்தின் உட்பொருள். இந்தியாவில் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயது. அது முதன்முதலில் தெளிவாக எழுந்தது ஐக்கிய நாடுகள் அவையில் அன்று, தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரணக் களங்களில்.

1876இல் பருவமழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அதே ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதே வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் உறுதியான கொள்கையாக இருந்தது. நிவாரணச் செலவைக் குறைப்பதற்காக 1877இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் அதன்மேல் ஒரு சிறு காசும் போதுமென்று வகுத்தார். பின்னாளில் 'டெம்பிள் கூலி' என்றே பெயர் பெற்ற அந்த அளவு, மண் வெட்டிச் சுமக்கும் உடலைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் விடாமல் எதிர்த்து வாதாடிய பின், சில மாதங்கள் கழித்தே அது உயர்த்தப்பட்டது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்த நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியதே.

இந்தப் பேரழிவை ஆராய ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைக்கப்பட்ட பஞ்சக் கமிஷன் 1880இல் அளித்த அறிக்கையில் கூறிய ஒரு கருத்து, வறுமையை உரிமையோடு இணைத்துச் சிந்திப்பவர்கள் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்க வேண்டியது. பஞ்ச காலத்தில் நிவாரணம் கேட்க ஏழைகளுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், எல்லாக் காலத்திலும் அவ்வாறு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்ற கொள்கைக்கு அது இட்டுச்செல்லும் என்றும், அதனால் ஏழைகளுக்கான பொது நிவாரண முறை ஒன்றுக்கு அடித்தளம் அமைந்துவிடும் என்றும் கமிஷன் அஞ்சியது. அந்த அச்சத்தில் இரக்கம் இல்லை என்றாலும் தர்க்கம் பிழையற்றது. பஞ்சத்தில் சாகும் கூலியாளுக்கும் விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில் அரைவயிற்றோடு உறங்கும் கூலியாளுக்கும் இடையே இருப்பது அளவு வேறுபாடுதான் என்பதை அந்த அதிகாரிகள் உணர்ந்திருந்தார்கள். ஒன்றை உரிமையாக்கினால் மற்றொன்றை மறுக்க நியாயம் கிடைக்காது என்பதையும் உணர்ந்திருந்தார்கள். எனவே, அறிக்கையைத் தொடர்ந்து உருவான பஞ்சச் சட்டத் தொகுப்புகள் மாவட்ட அதிகாரி எந்த அறிகுறியைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதை நுணுக்கமாக வகுத்தனவேயன்றி, பசித்தவர் அவரிடம் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நிவாரணம் நிர்வாகத்தின் செயலாக இருந்தது. பாத்தியதையாக அது உருப்பெறவில்லை.

விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டமும் இந்த இடத்தில் தயங்கியது. போதிய வாழ்வாதாரத்துக்கு வழி, வேலை, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் பொது உதவி, வாழ்வதற்குப் போதுமான கூலி, ஊட்டச்சத்து மேம்பாடு ஆகியன அனைத்தும் அதன் நான்காம் பகுதியில், அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றன. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட இந்த ஏற்பாட்டின்படி, இக்கோட்பாடுகள் நாட்டின் ஆட்சிக்கு அடிப்படையானவை, ஆனால் எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் இவற்றை நிறைவேற்றச் செய்ய இயலாது. 37ஆம் பிரிவு இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. வங்கி தனக்கு வசதிப்படும்போது பணம் தரும் காசோலைக்கு ஒப்பானது இது என்று அரசமைப்பு அவையில் கே.டி. ஷா குறைகூறினார். அம்பேத்கரின் நிலை இன்னும் சிக்கலானது. 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற வரைவில், பொருளாதார அமைப்பையே அரசமைப்புச் சட்டத்தால் வகுத்துவிட வேண்டும் என்றும், வேலையற்றவன் ஒரு வேலைக்காகத் தன் அடிப்படை உரிமைகளையே விட்டுக்கொடுக்க நேரும் நிலையில் அந்த உரிமைகளுக்குப் பொருளில்லை என்றும் வாதிட்டவர் அவர். வரைவுக் குழுவின் தலைவராக 1948 நவம்பர் 4 அன்று பேசும்போதோ, இக்கோட்பாடுகளை மீறும் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிராவிட்டாலும் தேர்தலின்போது வாக்காளருக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று விளக்கினார். வறுமை குறித்த முறையீட்டுக்கு வாக்குச்சாவடியே மன்றம் என்ற இந்தக் கருத்து, பின்னாளில் தமிழ்நாட்டின் அரசியலில் எவ்வாறு பலித்தது என்பதையும் எங்கே பலிக்காமல் போனது என்பதையும் பிறகு காணலாம்.

அரசமைப்பு அவை இவ்வாறு விவாதித்துக்கொண்டிருந்த நாள்களிலேயே, 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை உலக மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை உள்ளடக்கிய போதிய வாழ்க்கைத் தரத்துக்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது அதன் 25ஆம் பிரிவு. பிரகடனம் சட்டமாகும் வேளையில் பனிப்போர் குறுக்கிட்டது. உரிமைகள் இரண்டாகப் பிளக்கப்பட்டு, குடிமை, அரசியல் உரிமைகளுக்கு ஒன்றும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு ஒன்றுமாக 1966இல் இரு உடன்படிக்கைகள் பிறந்தன. முன்னதை உடனே நிறைவேற்ற வேண்டும். பின்னதை இருக்கும் வளங்களுக்கு ஏற்பப் படிப்படியாக நிறைவேற்றினால் போதும். இந்தியா 1979இல் இரண்டையும் ஏற்றது. பேச்சுரிமைக்கு அரசு சும்மா இருந்தாலே போதும், சோற்றுரிமைக்குத்தான் பணம் செலவாகும் என்ற வாதமே இந்தப் பிளவுக்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டது. காவல் நிலையமும் நீதிமன்றமும் தேர்தல் ஆணையமும் செலவில்லாமல் நடப்பதில்லை என்பதை நினைத்தாலே இந்த வாதம் நிற்காது. அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1980இல் வெளியிட்ட 'அடிப்படை உரிமைகள்' என்ற நூலில், எந்த உரிமையும் மூன்று கடப்பாடுகளை எழுப்புகிறது என்று காட்டினார்: பறிக்காமல் இருப்பது, பிறர் பறிக்காமல் காப்பது, பறிகொடுத்தவருக்கு உதவுவது. ஏழைக்குக் கொடுப்பதைப் பற்றியே பேசிப் பழகிய உலகுக்கு, ஏழையிடமிருந்து எடுக்காமல் இருப்பதும் வறுமைக்கெதிரான உரிமையின் முதல் பாதி என்று உணர்த்தியது இந்த வகைப்பாட்டின் பெரும்பயன்.

இந்திய நீதிமன்றங்கள் இந்த இடத்துக்கு வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆயின. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை குறித்த 1951ஆம் ஆண்டுச் செண்பகம் துரைராஜன் வழக்கில், நெறிமுறைக் கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நெருக்கடி நிலைக்குப் பின் 1978இல் மேனகா காந்தி வழக்கில் 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமை விரிவான பொருள் பெற்றதும் காற்று திசை மாறியது. 1981இல், தடுப்புக் காவலில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பெண் தன் வழக்கறிஞரையும் குடும்பத்தையும் சந்திக்க அனுமதி கேட்டுத் தொடுத்த பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில், உயிர்வாழும் உரிமை என்பது மானத்தோடு வாழும் உரிமை என்றும், போதிய உணவும் உடையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் அதில் அடங்கும் என்றும் நீதிபதி பி.என். பகவதி எழுதினார். சிறைச் சந்திப்பு பற்றிய வழக்கில் சோற்றைப் பற்றிய சட்டம் பிறந்தது.

ஆயினும், வறுமைக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உறவை ஆழமாகத் தொட்ட தீர்ப்பு அடுத்த ஆண்டில் வந்தது என்றே சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லியில் நடந்த கட்டுமானப் பணிகளில், ஒப்பந்தக்காரர்கள் 'ஜமேதார்' எனப்படும் இடைத்தரகர்கள் மூலம் ஆள் பிடித்தனர். நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு என்ற குறைந்தபட்சக் கூலியில் ஒரு ரூபாயைத் தரகர் எடுத்துக்கொண்டு மீதியைத் தொழிலாளிக்குக் கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெறும் கூலித் தகராறாகப் பார்க்காமல், கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவின் மீறலாகப் பார்த்தது. சாட்டையோ சங்கிலியோ இல்லாத இடத்தில் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பசியும் வேறு வழியின்மையும் தரும் நெருக்கடியும் கட்டாயமே என்று நீதிமன்றம் விடை கூறியது: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை செய்ய ஒருவர் முன்வருகிறார் என்றால், அவர் மனமொப்பி வரவில்லை, துரத்தப்பட்டு வருகிறார் என்று கொள்ள வேண்டும். வறுமை என்பது பொருள் இல்லாத நிலை மட்டுமன்று, மறுத்துச் சொல்லும் வலிமை இல்லாத நிலையும் ஆகும் என்பது இதன் பொருள். அடுத்த ஆண்டே இந்த விதி ராஜஸ்தானுக்குப் போயிற்று. அங்கே பஞ்ச நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நிவாரணம் என்பது உதவிதானே, அதற்கு முழுக் கூலி எதற்கு என்பது அரசின் வாதம். அந்த விலக்கு குறைந்தபட்சக் கூலியைப் பொறுத்தவரை செல்லாது என்று 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெம்பிள் கூலிக்கு இந்திய நீதித்துறை கொடுத்த பதில் அது, நூற்றாறு ஆண்டுகள் கழித்து.

1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு இதே வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1981 மழைக்காலத்தில் பம்பாயின் நடைபாதைகளில் வாழ்ந்தவர்களை வெளியேற்றி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவதாக மகாராஷ்டிர அரசு அறிவித்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. மனுதாரர்களுள் ஒருவர் சேலத்திலிருந்து வந்தவர். நிலமற்ற கூலித் தொழிலாளியான அவர், வறட்சியில் வேலை இழந்து 1961இல் பம்பாய்க்குப் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் தினக்கூலி வேலை பெற்று, நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பாலான ஒரு குடிலில் மனைவி மக்களோடு வாழ்ந்தார் என்பதும், அந்தக் குடிலுக்காக ஒரு தாதாவுக்குப் பணம் கொடுத்திருந்தார் என்பதும் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. வறட்சியில் கூலியாள் ஊரைவிட்டுக் கிளம்பும் அந்தப் பாதை நூற்றாண்டு கடந்தும் அடைபடவில்லை. வாழ்வாதாரத்தைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்றும், வேலைக்கு அருகில் இருக்க வேண்டியே இம்மக்கள் நடைபாதையில் குடியேறினர் என்றும் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பின், மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31ஆம் தேதிக்குப் பிறகு அவர்களை அகற்றலாம் என்று அனுமதியும் தந்தது. முறைப்படி அறிவிப்பு கொடுத்து, சொல்வதைக் கேட்டுவிட்டு அகற்ற வேண்டும் என்பதே அந்த மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பின் பெரும்பகுதி. கோட்பாட்டில் வென்று, குடிலை இழந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2000இல் குரூட்பூம் வழக்கில் வீட்டுரிமையை உறுதிசெய்தபோதும், அரசின் திட்டம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டதேயன்றி இன்னாருக்கு இந்த வீடு என்று சொல்லவில்லை. அந்த வழக்குக்குத் தம் பெயரைத் தந்த பெண்மணி எட்டு ஆண்டுகள் கழித்துத் தகரக் கொட்டகையிலேயே இறந்தார். அறிவிக்கப்பட்ட உரிமைக்கும் கைக்கு வந்த பாத்தியதைக்கும் உள்ள தொலைவை இவ்விரு வழக்குகளையும்விடக் கூர்மையாகக் காட்டுபவை அரியவை.

அந்தத் தொலைவைக் குறைத்த வழக்கு 2001 ஏப்ரலில் ராஜஸ்தானின் வறட்சியிலிருந்து வந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தாக்கல் செய்த பொதுநல மனு கேட்ட கேள்வி எளிமையானது: இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் கட்டாய இருப்பைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, 5 கோடி டன்னையும் தாண்டித் தானியம் குவிந்து கெட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கிடங்குகளுக்கு அருகிலேயே மக்கள் பட்டினி கிடப்பது 21ஆம் பிரிவின் மீறல் ஆகாதா? 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்திய சென், அவ்வாண்டின் உணவு இருப்பு பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவாக இல்லை என்றும், உணவைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் வழிகளை உழைப்பாளர்கள் இழந்ததே சாவுக்குக் காரணம் என்றும் 1981இல் நிறுவியிருந்தார். அவர் பொருளியலில் நிறுவியதை இந்த மனு சட்டத்தின் மொழிக்குக் கொண்டுவந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, பொது விநியோகம், குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட எட்டுத் திட்டங்களின் பயன்களைச் சட்டப் பாத்தியதைகளாக மாற்றியது. அதாவது, அரசு விரும்பினால் சுருக்கக்கூடிய சலுகைகளாக இருந்தவை, நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் சுருக்க முடியாதவை ஆயின. ஆணை நிறைவேறுகிறதா என்று பார்க்க ஆணையர்களை நியமித்து, வழக்கை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் திறந்தே வைத்திருந்தது அதன் மற்றொரு புதுமை.

அந்த ஆணையின் மிகத் துலக்கமான பகுதி, எல்லா அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த மதிய உணவை ஆண்டுக்கு 200 நாளேனும் தர வேண்டும் என்பது. 1995 முதல் நடந்துவந்த மத்தியத் திட்டத்தின்கீழ்ப் பெரும்பாலான மாநிலங்கள் மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தன. சமைத்துப் போடுவது நடக்கிற காரியமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு விடையாக இருந்தது. 1920களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நீதிக்கட்சியினர் தொடங்கிய முயற்சியும், 1956இல் காமராசர் மாநிலம் முழுதும் விரித்த மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 1989இல் கருணாநிதி ஆட்சியில் சேர்ந்த முட்டையும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் அடுப்பெரிவது இங்கே இயல்பான காட்சியாகியிருந்தது. 2004 ஏப்ரலில் வந்த மற்றோர் ஆணை, சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது. இந்த வரியின் கனத்தை, தலித் பெண் சமைத்ததை உண்ண மறுத்த ஊர்கள் பற்றிய செய்திகளைப் படித்தவர்கள் அறிவர். சாதியைத் தொடாமல் இந்தியாவில் பசியைத் தொட முடியாது.

இவ்வழக்கின் இடையிலேதான் வறுமைக்கோடு என்ற கருத்தின் கோலமும் வெளிப்பட்டது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிந்தவர் ஏழை அல்லர் என்று திட்டக்குழு 2011 செப்டம்பரில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நாடெங்கும் எழுந்த சினம் தொகையின் சிறுமையைப் பற்றியதாக இருந்தது. கோட்டின் பயனைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. 1876இல் 'இந்தியாவின் வறுமை' குறித்துத் தாதாபாய் நவ்ரோஜி வாசித்த கட்டுரையில், சிறைக் கைதிக்கும் கடல் கடந்து செல்லும் கூலிக்கும் அரசே வகுத்திருந்த உணவளவைக் கொண்டு, உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, இந்தியரின் சராசரி வருவாய் அதற்குக்கூடப் போதவில்லை என்று காட்டினார். அவர் கையில் அந்தக் கோடு அரசை நோக்கிய குற்றச்சாட்டு. 1997இல் பொது விநியோகம் 'இலக்கு நோக்கிய' முறையாக மாற்றப்பட்டபோது அதே கோடு மக்களை நோக்கித் திருப்பப்பட்டது: கோட்டுக்குக் கீழே இருப்பதாக நிரூபித்தால்தான் மலிவு அரிசி. உரிமை கோருபவர் தம் இழிநிலையைச் சான்றோடு மெய்ப்பிக்க வேண்டும் என்றால், அந்தச் சான்றை வழங்கும் ஊர்ப் பெரியவரும் அலுவலரும் மீண்டும் கொடையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். உரிமை பின்வாசல் வழியாகத் தருமமாகிவிடுகிறது. அட்டை கிடைக்காத ஏழைகளின் எண்ணிக்கை, அட்டை பெற்றுக்கொண்ட வசதியானவர்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் கவலைக்குரியது. அரசின் கணக்குகள் பெரும்பாலும் பின்னதற்கே கவலைப்பட்டன.

தமிழ்நாடு அந்த மாற்றத்தை ஏற்காமல் எல்லாருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. அதற்கு நீதிமன்ற ஆணை எதுவும் காரணமில்லை; ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தோடு 1967இல் ஆட்சி மாறியதிலிருந்து, அரிசியைத் தொட்டால் வாக்குப் போய்விடும் என்பதை எல்லாக் கட்சிகளும் கற்றிருந்ததே காரணம். அம்பேத்கர் 1948இல் சுட்டிய வாக்காளர் மன்றம் இங்கே உண்மையாகவே கூடியது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும், அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்ற அரிசி அட்டைதாரர்களைத் தமிழ்நாடு கைவிடவில்லை. இவற்றையெல்லாம் 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லால் இகழ்வது தமிழ்ப் பொதுவெளியின் பழக்கமாகிவிட்டது. தேர்தல் வாக்குறுதியாகத் தரப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், வாழ்க்கைத் தரம் பற்றிய கருத்து காலத்தோடு மாறக்கூடியது என்றும் இத்தகைய திட்டங்கள் நெறிமுறைக் கோட்பாடுகளோடு தொடர்புடையவை என்றும் உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது அந்த இகழ்ச்சிக்கு ஓரளவு விடையாகும்.

ஆயினும் வாக்காளர் மன்றத்துக்கு ஒரு குறை உண்டு. அங்கே பெருங்கூட்டம் பேசலாம். தனியொருவர் பேச முடியாது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. ஊதியமற்ற வீட்டு உழைப்புக்கு ஈடாகத் தரப்படும் தொகையை உதவி என்று சொல்லாமல் உரிமை என்றது பாராட்டத்தக்கது. ஆனால் குடும்ப வருமானம், நிலம், மின்நுகர்வு ஆகியவற்றின் வரம்புகளால் தகுதி தீர்மானிக்கப்படும் இத்திட்டம் சட்டமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தின்மேல் நிற்கவில்லை. பட்டியலில் பெயர் விடுபட்ட பெண் மேல்முறையீடு செய்வது அரசாணை அனுமதிக்கும் அளவுக்குத்தான். இதற்கு மாறாக, உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை எழுதி வைத்து, கிடைக்காவிட்டால் உதவித்தொகை என்றும், முறையிட மாவட்ட அலுவலர், மாநில உணவு ஆணையம் என்றும் வகுத்தது. சட்டம் இருந்தும் அரசு நழுவ முடியும் என்பதற்கும் அச்சட்டமே சான்று: கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியை அது உறுதி கூறியிருக்க, 2017இல் மத்திய அரசு வகுத்த திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது. அதே ஆண்டில் ஜார்க்கண்டில், ஆதாருடன் இணைக்காததால் அட்டை நீக்கப்பட்ட குடும்பத்தின் சிறுமி ஒருத்தி இறந்தபோது, பசி என்றது குடும்பம், காய்ச்சல் என்றது நிர்வாகம். பட்டினிச் சாவு என்ற சொல்லை எந்த அரசும் தன் பதிவேட்டில் எழுதுவதில்லை. எழுதினால் கடப்பாடு மீறப்பட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஸ்ட்ரேச்சி கமிஷன் அஞ்சியதை முழுமையாகச் செய்துபார்த்த சட்டம் ஒன்று உண்டென்றால், அது 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், மக்கள் வழக்கில் 'நூறு நாள் வேலை'. பஞ்சம் என்று எவரும் அறிவிக்கக் காத்திராமல், ஏழை என்று நிரூபிக்கவும் சொல்லாமல், உடலுழைப்புக்கு முன்வரும் எந்தக் கிராமக் குடும்பமும் கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வேலை தர வேண்டும் என்றது அது. கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டியிருந்தது. முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு, அதன்பின் பாதி. கூலியை மத்திய அரசு ஏற்றது, படியை மாநில அரசின் தலையில் வைத்தது. வேலையைத் தராமல் இருப்பதற்கு விலை வைப்பதே நோக்கம். அந்தப் 15 நாள் எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது? விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட ஊராட்சி கொடுக்க வேண்டிய, தேதியிட்ட ரசீதிலிருந்து. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் கொடுக்கப்படாமல் போனது இந்தத் துண்டுச்சீட்டே. வேலை இருக்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்று வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்பப்பட்டவர், சட்டத்தின் கண்ணில் வேலை கேட்கவே இல்லை. அவருக்குப் படி கிடையாது, மாநில அரசுக்குச் செலவும் கிடையாது, வேலை கேட்டவர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் வேலை தரப்பட்டதாகப் புள்ளிவிவரமும் நிறைவாக இருக்கும். இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் ராஜஸ்தானிலும் பிற மாநிலங்களிலும் இருந்த கூலித் தொழிலாளர் அமைப்புகள். வேலை கேட்பதையே ஓர் இயக்கமாக்கி, பெண்களைக் கூட்டமாக ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, விண்ணப்பம் கொடுத்து, தேதியும் கையெழுத்தும் இட்ட ரசீது ஒவ்வொருவர் கைக்கும் வரும்வரை அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.